மெல்லிய மடிக்கணினி: கடைக்குப் போகுமுன் ஒரு கணக்கு



உங்களில் பலர் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் கல்லூரிக்குச் செல்லவிருக்கிறீர்கள். அப்போது உங்கள் வீட்டிலும் ஒரு பேச்சு எழும். "பிள்ளைக்கு மடிக்கணினி வாங்க வேண்டும். எதை வாங்குவது?"

என் தம்பி வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தபோது பொறுப்பு என் தலையில் விழுந்தது. தம்பி மகள் கட்டடக் கலை படிக்கச் சேர்ந்திருந்தாள். "நீங்கள் இயற்பியல் சொல்லிக் கொடுப்பவர், நீங்களே பார்த்து வாங்கிக் கொடுங்கள் அண்ணா" என்று, இரண்டு ஆண்டுகள் கட்டி எடுத்த சீட்டுப் பணத்தைத் தம்பி என்னிடம் கொடுத்துவிட்டான். கடையில் ஒரு தொடுதிரைக் கணினியைக் காட்டினார்கள். நோட்டுப் புத்தகம்போல் மெல்லியது. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. உள்ளே விசிறி இல்லாததால் ஓசையும் இல்லை. மயங்கி வாங்கிவிட்டேன்.

மே மாதம் வந்தது. ஒரு நாள் இரவு அவள் தொலைபேசியில் அழைத்தாள். "பெரியப்பா, காலையில் வரைபடத்தைக் கொடுத்தாக வேண்டும். கணினி மேசைமேல் வைத்தால் ஒருவாறு ஓடுகிறது; மெத்தைமேல் வைத்தால் ஊர்கிறது. அதற்கு மெத்தை பிடிக்காதா?" என்று கேட்டாள்.

வெப்பம் பரவும் மூன்று வழிகளை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டுபவன் நான். அந்தப் பாடத்தை வகுப்பிலேயே விட்டுவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. நீங்கள் அந்தத் தவற்றைச் செய்யாதிருக்கவே இக்கட்டுரை. இதற்கு வேண்டிய இயற்பியல் முழுவதும் உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது.

மூன்று வகைகள்

பிள்ளைகள் கையில் ஏந்திப் படிக்கவும் எழுதவும் கூடிய, நோட்டுப் புத்தக அளவுள்ள கணினி ஒன்று வேண்டும் என்று ஆலன் கே என்ற அமெரிக்க அறிவியலார் 1972இல் எழுதினார். அதற்கு 'டைனாபுக்' என்று பெயரும் வைத்தார். அன்று அப்படி ஒன்றைச் செய்ய முடியவில்லை. 2008இல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மடிக்கணினியை உருவிக் காட்டினார். அதற்குப் பின் மெலிவே பெருமை என்றாகிவிட்டது.

இன்று கடையில் காணும் தொடுதிரைக் கணினிகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, சாதாரண மடிக்கணினியின் திரையே தொடுதிரையாக இருப்பது. இரண்டாவது, திரையை 360 பாகை பின்னால் திருப்பிச் சிலேட்டுப்போல் ஆக்கிக்கொள்ளும் மடக்கு வகை. 2012இல் லெனோவோ யோகா வந்த பிறகு இது பரவலாயிற்று. மூன்றாவது, திரை தனியே கழன்று வரும் கழற்று வகை. இதில் கணினியின் உறுப்புகள் யாவும் திரைக்குப் பின்னாலேயே இருக்கும். விசைப்பலகை வெறும் பலகைதான்.

இம்மூன்றில் எது உயர்ந்தது என்று கேட்பது, கத்தியா அரிவாளா எது உயர்ந்தது என்று கேட்பதைப் போன்றது. எந்த வேலைக்கு என்பதே முதல் கேள்வி.

திரை விரலை அறிவது எப்படி?

மலிவான பழைய தொடுதிரைகளில் இரு படலங்களை ஒன்றோடொன்று அழுத்தித் தொடச் செய்ய வேண்டும். இன்றைய கணினித் திரை அவ்வாறன்று. அது மின்தேக்கித் தத்துவத்தில் இயங்குவது. இங்கிலாந்தில் மால்வெர்ன் நகரின் ரேடார் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜான்சன் 1965இலேயே இத்தகைய திரையைப் பற்றி எழுதியிருக்கிறார். வானூர்திப் போக்குவரத்தை நெறிப்படுத்துவோருக்காக அவர் அதைக் கருதினார்.

மின்தேக்கி என்றால் என்ன? இரு கடத்தித் தகடுகள், நடுவே ஒரு மின்காப்புப் பொருள். தொடுதிரையில் கண்ணாடிக்கு அடியில் ஒளி ஊடுருவும் கடத்திக் கோடுகள் நெடுக்கும் குறுக்குமாக ஓடுகின்றன. இவை பெரும்பாலும் இந்தியம் வெள்ளீய ஆக்சைடால் ஆனவை. அது ஒரு தகடு. நம் உடலில் உப்பு நீர் மிகுதியாதலால் விரலும் ஒரு கடத்தியே. அது மற்றொரு தகடு. நடுவே கண்ணாடி.

மின்தேக்குத்திறன், தகட்டின் பரப்புக்கு நேர்த்தகவிலும் இடைவெளிக்கு எதிர்த்தகவிலும் இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள். விரல் படியும் பரப்பு அரைச் சதுர செ.மீ., கண்ணாடியின் தடிமன் 0.7 மி.மீ., அதன் மின்காப்பு மாறிலி 7 என்று கொண்டு கணக்கிட்டால் விடை சுமார் 4.4 பிக்கோ ஃபாரடு வருகிறது. ஒரு பிக்கோ ஃபாரடு என்பது ஒரு ஃபாரடில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய மாற்றத்தைத்தான் கணினி ஒவ்வொரு வினாடியும் பலமுறை அளந்து, எந்த நெடுக்குக் கோடும் எந்தக் குறுக்குக் கோடும் கூடும் இடத்தில் விரல் இருக்கிறது என்று கண்டுகொள்கிறது.

வீட்டிலுள்ள எந்தக் கைபேசியிலும் இதைச் சோதிக்கலாம். பென்சிலின் மரப் பகுதியால் திரையைத் தொடுங்கள்; பயனில்லை. ஓர் எவர்சில்வர் கரண்டியைக் கையில் பிடித்து அதன் முதுகால் தொடுங்கள்; வேலை செய்யும். கரண்டி உங்கள் உடலின் நீட்சியாகிவிட்டது. திரைமேல் சில துளி நீர் தெளித்துவிட்டுத் தொடுங்கள், திரை குழம்பும். நீரும் மின்புலத்தை மாற்றுகிறது அல்லவா?

பேனா வேண்டுமா?

வரையவும், சூத்திரங்களைக் கையால் எழுதவும் விரும்புவோருக்குப் பேனா வேண்டும். மலிவுப் பேனாக்களின் முனை உருண்டு தடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். போதிய பரப்பு இல்லாவிட்டால் போதிய மின்தேக்குத்திறன் கிடைக்காது. ஆகவே அவை கூர்மையாக இருக்க முடியாது. அவற்றைக் கொண்டு கோடு கிறுக்கலாம். தொகையிடல் குறிக்கு எல்லைகள் எழுத முடியாது.

கூர்முனைப் பேனாக்கள் இரு வகை. ஒன்று தன்னுள் சிறு மின்கலம் வைத்துக்கொண்டு, திரைக்குத் தானே குறிப்பலை அனுப்புவது. மற்றொன்றில் மின்கலமே இல்லை. திரைக்கு அடியிலுள்ள கம்பிச் சுற்றுகள் உண்டாக்கும் மாறும் காந்தப்புலத்திலிருந்து, மின்காந்தத் தூண்டலால் தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெற்றுக்கொள்கிறது. ஃபாரடேயின் விதி உங்கள் விரலிடுக்கில் வேலை செய்கிறது என்று சொல்லலாம். எல்லாத் தொடுதிரையும் இத்தகைய பேனாவை ஏற்பதில்லை. "தொடுதிரை" என்று எழுதியிருப்பதாலேயே பேனாவும் எழுதும் என்று எண்ணிவிடாதீர்கள். கடைக்காரரிடம் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். எழுதும்போது பேனா முனைக்கும் கோட்டுக்கும் இடையே விலகல் தெரிந்தால், கண்ணாடிக்கும் படம் தோன்றும் தளத்துக்கும் இடைவெளி மிகுதி என்று பொருள். இது நீங்கள் அறிந்த இடமாறு தோற்றப் பிழையே.

தொட்டால் சாயுமா?

இப்போது திருப்புத்திறனுக்கு வருவோம். திரையின் மேல் ஓரத்தை விரலால் பின்னோக்கி அழுத்துகிறீர்கள். கணினி மல்லாந்து விழுமா?

ஒரு சாதாரண மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். அடிப்பாகம் 800 கிராம், அதன் ஆழம் 21 செ.மீ. திரை 500 கிராம், உயரம் 21 செ.மீ. திரையை நேர்க்குத்திலிருந்து 20 பாகை பின்னால் சாய்த்திருக்கிறோம். சாய்வதானால் பின் விளிம்பைச் சுற்றியே சாயும்.

அடிப்பாகத்தின் ஈர்ப்பு மையம் பின் விளிம்புக்கு 10.5 செ.மீ. முன்னால் உள்ளது. அது கணினியை நிலைநிறுத்தும் திருப்புத்திறன் 800 × 10.5 = 8,400. திரையின் ஈர்ப்பு மையம் பின் விளிம்புக்கு 3.6 செ.மீ. பின்னால் உள்ளது. அது கவிழ்க்கும் திருப்புத்திறன் 500 × 3.6 = 1,800. மீதி 6,600. இதைத் திரையின் உயரம் 21ஆல் வகுத்தால், மேல் ஓரத்தில் சுமார் 314 கிராம் எடைக்குச் சமமான விசை கொடுத்தால்தான் கணினி சாயும். விரல் தொடுதல் இதைவிட மிகக் குறைவு. எனவே அஞ்ச வேண்டியதில்லை.

கழற்று வகையில் என்ன ஆகும்? அதில் திரை 800 கிராம், விசைப்பலகை 300 கிராம் என்று கொள்வோம். நிலைநிறுத்துவது 300 × 10.5 = 3,150. கவிழ்ப்பது 800 × 3.6 = 2,880. மீதி 270 மட்டுமே. 21ஆல் வகுத்தால் 13 கிராம்! ஈ உட்கார்ந்தால் விழாது. விரல் பட்டால் விழும். அதனால்தான் இவ்வகைக் கணினிகளுக்குப் பின்புறம் ஒரு முட்டுக்கால் வைக்கிறார்கள், அல்லது விசைப்பலகையை வேண்டுமென்றே கனமாக்குகிறார்கள். முட்டுக்கால் மேசைமேல் நன்றாக நிற்கும். மடியில் வைத்து எழுதுவோருக்கு அது தொல்லையே.

கீலையும் கவனியுங்கள். ஒரே விரலால் திரையைத் தூக்கித் திறந்து காட்டி விற்பனையாளர் பெருமைப்படுவார். கீலின் உராய்வு குறைவாக இருப்பதால்தான் அது முடிகிறது. உராய்வு மிகவும் குறைந்தால், தொடும்போதெல்லாம் திரை ஆடும். மேல் மூலையில் ஒருமுறை தட்டிவிட்டு ஆட்டம் எப்போது அடங்குகிறது என்று பாருங்கள்.

எடையும் கையும்

தொடுதிரைக்கு மேலே ஒரு கண்ணாடித் தகடு வேண்டும். 30 செ.மீ. × 19 செ.மீ. பரப்பு, 0.7 மி.மீ. தடிமன், அடர்த்தி 2.5 என்றால் அதன் நிறை சுமார் 100 கிராம். தொடுதிரைக் கணினி சற்றுக் கனப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பி அனுப்பும். ஆதலால் பளபளப்பான திரையில் சன்னல் வெளிச்சம் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் தெரியும். வெளிச்சமான இடத்தில் திருப்பி வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

இனி உங்கள் கை. 50 கி.கி. எடையுள்ள ஒருவரின் ஒரு கை ஏறத்தாழ 2.5 கி.கி. இருக்கும். நிமிர்ந்து நிற்கும் திரையைத் தொடக் கையை நீட்டும்போதெல்லாம் தோள் அந்த எடையைத் தாங்குகிறது. பத்து நிமிடத்தில் தோள் வலிக்கும். எனவே எழுதவும் வரையவும் திரை மேசைமேல் படுத்திருக்க வேண்டும். அதற்கு மடக்கு வகையும் கழற்று வகையுமே பொருந்தும். நிமிர்ந்த திரை மட்டுமே போதும் என்பவருக்குத் தொடுதிரையே பெரிதும் தேவைப்படாது. அந்தப் பணத்தை வேறு உறுப்புகளுக்குச் செலவிடலாம்.

மடக்கு வகை 1.3 கி.கி. என்றால் அதை ஒரு கையில் பிடித்துப் புத்தகம்போல் படிக்க முடியுமென்று எண்ணாதீர்கள். ஒன்றேகால் லிட்டருக்கு மேல் நீர் நிரம்பிய பாத்திரத்தை ஓரத்தில் பிடித்துக்கொண்டு கதை படிப்பதற்கு அது சமம்.

மின்கலத்தின் கணக்கு

இலித்தியம் அயனி மின்கலம் 1991இல் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்க உழைத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று இவ்வகை மின்கலத்தில் ஒரு கிலோகிராமுக்குச் சுமார் 250 வாட்-மணி, ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் அரை வாட்-மணி ஆற்றலைத் தேக்கலாம்.

கடையில் "6,000 மில்லி ஆம்பியர்-மணி" என்பதைப் பெரிதாகக் காட்டுவார்கள். அது மின்னூட்டத்தின் அளவே தவிர ஆற்றலின் அளவன்று. அதை மின்னழுத்தத்தால் பெருக்க வேண்டும். 6 ஆம்பியர்-மணி × 7.6 வோல்ட் = 45.6 வாட்-மணி. மற்றொன்று 4.4 ஆம்பியர்-மணி × 11.4 வோல்ட் = 50.2 வாட்-மணி. சிறிய எண் உடையதே பெரிய மின்கலம்! வாட்-மணியை மட்டும் ஒப்பிடுங்கள். படிக்கவும் எழுதவும் சராசரி 7 வாட் செலவாகும் கணினி, 50 வாட்-மணியில் 7 மணி நேரம் ஓடும். 25 வாட் வேண்டும் கனத்த வேலைக்கு 2 மணி நேரமே.

மெலிவின் விலையையும் இதிலிருந்து அறியலாம். மின்கலம் 30 செ.மீ. × 10 செ.மீ. இடத்தில் பரவியிருக்கிறது என்போம். தடிமனில் ஒரு மி.மீ. குறைத்தால் 30 கன செ.மீ. போயிற்று, அதாவது 15 வாட்-மணி. ஒரு மில்லிமீட்டர் அழகுக்கு இரண்டு மணி நேரப் படிப்பு!

மெத்தையின் மர்மம்

கணினி எடுத்துக்கொள்ளும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகிறது. அது வெளியேற வேண்டும். விசிறி இல்லாத கணினியில் வெளியேறும் வழி அதன் மேற்பரப்பு மட்டுமே. அசையாத காற்றில், ஒரு சதுர மீட்டர் பரப்பு, சுற்றுப்புறத்தைவிட ஒவ்வொரு டிகிரி மிகுதிக்கும், சலனமும் கதிர்வீச்சும் சேர்ந்து சுமார் 10 வாட் வெப்பத்தை வெளியே தள்ளும்.

கணினியின் மேல்முகம் 30 செ.மீ. × 21 செ.மீ.; அதாவது 0.063 சதுர மீட்டர். கை வைப்பவருக்குச் சுடாதிருக்க அது 43 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். 22 டிகிரிக் குளிரறையில் வேறுபாடு 21 டிகிரி. 0.063 × 10 × 21 = 13 வாட். இப்போது நம் ஊர்க் கோடை. அறை 35 டிகிரி, வேறுபாடு 8 டிகிரிதான். 0.063 × 10 × 8 = 5 வாட்! கணினி அதேதான், ஆனால் வெளியேற்றக்கூடிய வெப்பம் பாதிக்கும் கீழே போய்விட்டது.

உள்ளே உள்ள வெப்ப உணரி இதைக் கண்டதும் செயலியின் வேகத்தைக் குறைக்கிறது. செயலி செலவிடும் திறன் அதன் அதிர்வெண்ணுக்கும் மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்த்தகவில் உள்ளது. இரண்டையும் குறைத்தால் வெப்பம் குறையும், வேலையும் தாமதமாகும்.

தம்பி மகளின் கேள்விக்கு விடை இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். பஞ்சு ஓர் அரிதிற்கடத்தி. மெத்தை கணினியின் அடிமுகத்தை முழுவதும் மூடிவிட்டது. மிஞ்சியது மேல்முகத்தின் 5 வாட். அடிமுகத்திலும் காற்றுப் பட்டால் 10 வாட் கிடைக்கும். நான் அவளிடம், "நான்கு பாட்டில் மூடிகளை எடுத்து மேசைமேல் வை. அவற்றின்மேல் கணினியின் நான்கு மூலைகளும் உட்காரட்டும். மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பு" என்றேன். அசையும் காற்று அந்த 10 என்ற எண்ணையே உயர்த்திவிடும். விடிவதற்குள் வரைபடம் முடிந்தது.

ஆனால் பாட்டில் மூடி மருந்தாகுமே தவிர உணவாகாது. கட்டடங்களை முப்பரிமாணத்தில் வரையும் மாணவிக்கு, உள்ளே விசிறி உள்ளதும் 3 மி.மீ. கூடுதல் தடிமன் உள்ளதுமான கணினியை நான் வாங்கியிருக்க வேண்டும். "என்ன வேலை, எந்த அறையில்?" என்ற இரு கேள்விகளை அவளிடம் கேட்டிருந்தால் போதும். தம்பி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் இன்றும் அந்த மூடிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டே கல்லூரிக்குப் போகிறாள்.

கடையில் செய்ய வேண்டியவை

1. போகுமுன் செய்யப்போகும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். எழுத்தும் படிப்பும் மட்டுமா? வரைதலா? கனத்த கணக்கீடா? முதல் இரண்டுக்கு விசிறியற்ற மெல்லிய கணினி போதும். கனத்த கணக்கீட்டுக்கும் முப்பரிமாண வரைவுக்கும் விசிறி வேண்டும்.

2. திரையின் மேல் மூலையைத் தட்டி ஆட்டத்தைப் பாருங்கள். மடியிலும் வைத்துப் பாருங்கள்.

3. பேனாவால் உங்கள் பெயரைச் சிறிய எழுத்தில் எழுதுங்கள். உள்ளங்கை திரையில் பட்டால் கோடு விழுகிறதா என்றும் கவனியுங்கள்.

4. மின்கலத்தின் வாட்-மணியைக் கேளுங்கள். எடையை மின்னேற்றியோடு சேர்த்துக் கேளுங்கள். பையில் இரண்டும்தானே போகும்!

5. நினைவகத்தைப் பின்னர் கூட்ட முடியுமா, மின்கலத்தை மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். பல மெல்லிய கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அத்தகையதை வாங்கினால், இன்று வாங்கும் அளவே இறுதி வரைக்கும்.

6. கனத்த வேலை ஒன்றைக் கால்மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். முதல் நிமிட வேகமும் பதினைந்தாம் நிமிட வேகமும் ஒன்றாக இருக்கின்றனவா? கடையில் குளிர்சாதனம் ஓடுகிறது என்பதை மறவாதீர்கள்.

கேட்கத் தயங்க வேண்டாம். அந்தப் பணத்தைச் சேர்க்க உங்கள் வீட்டில் ஒருவர் எத்தனை நாள் உழைத்தார் என்பதை நினைத்தால் தயக்கம் தானே போய்விடும்.

பயிற்சி

அ) 15.2 வோல்ட், 3,700 மில்லி ஆம்பியர்-மணி மின்கலத்தின் ஆற்றல் எவ்வளவு?

ஆ) அடிப்பாகம் 900 கிராம், ஆழம் 22 செ.மீ.; திரை 450 கிராம், உயரம் 22 செ.மீ.; திரையின் ஈர்ப்பு மையம் 3.6 செ.மீ. பின்னால். மேல் ஓரத்தில் எவ்வளவு விசை கொடுத்தால் கணினி சாயும்?

இ) தொடுதிரைமேல் இன்னொரு 0.7 மி.மீ. காப்புக் கண்ணாடி ஒட்டினால் விரலின் மின்தேக்குத்திறன் என்னவாகும்?

விடைகள்: அ) சுமார் 56.2 வாட்-மணி. ஆ) சுமார் 376 கிராம் எடை. இ) ஏறத்தாழப் பாதியாகும்.